மறதி நோய் மருந்து மூளைக்குள் போகும் வழி

மாத்திரை போட்டோமா இல்லையா என்று மறந்துபோகிறவருக்கு மாத்திரை எழுதிக் கொடுப்பதில் உள்ள சங்கடத்தை விளக்க வேண்டியதில்லை. அல்சைமர் நோயாளி இருக்கும் வீட்டில் இது தினசரிப் பாடு. போட்டதை மறந்து இன்னொன்று போடுவார்கள். போடாமலே போட்டுவிட்டேன் என்று சாதிப்பார்கள். கன்னத்தில் ஒதுக்கிவைத்து, நாம் அந்தப் பக்கம் போனதும் துப்பிவிடுகிறவர்களும் உண்டு. சரி, ஒருவழியாக விழுங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அந்த மருந்து மூளைக்குள் போய்ச் சேர வேண்டுமே, அது இதைவிடப் பெரிய பாடு. அல்சைமர் ஆராய்ச்சியில் இன்று நடக்கும் வேலைகளில் எனக்கு மிகவும் சுவாரசியமாகத் தெரிவது புது மருந்து கண்டுபிடிப்பதல்ல, இருக்கிற மருந்தை உள்ளே கொண்டு சேர்க்கும் வேலைதான்.

நம் கொங்குப் பக்கத்தில், "அப்புச்சிக்கு வயசாயிருச்சு, அதான் மறக்குது" என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறோம். இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. மறதி நோய்களில் அதிகம் காணப்படும் வகை அல்சைமர். 1906-ல் ஜெர்மன் மருத்துவர் அலாய்ஸ் அல்சைமர், இறந்துபோன தன் நோயாளி ஒருவரின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது இரண்டு விஷயங்களைக் கண்டார். நரம்பணுக்களுக்கு வெளியே கட்டிகட்டியாக ஏதோ படிந்திருந்தது. அணுக்களுக்கு உள்ளே இழைகள் சிக்குப் பிடித்துக் கிடந்தன. வெளியே இருந்தது அமிலாய்டு என்ற புரதம், உள்ளே இருந்தது டௌ என்ற புரதம் என்பது பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

நோய் முற்ற முற்ற, நினைவுக்குத் தேவையான அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைகிறது. இருப்பதையும் சிதைக்கும் நொதியைத் தடுத்து, மிச்சத்தைக் கொஞ்ச நேரம் நிலைக்க வைப்பதே டொனெபெசில், ரிவாஸ்டிக்மின் போன்ற மருந்துகளின் வேலை. நோயை இவை நிறுத்துவதில்லை. அன்றாட நடமாட்டத்தைக் கொஞ்ச காலம் தாங்கிப் பிடிக்கும். ரிவாஸ்டிக்மின் முதலில் காப்ஸ்யூலாகத்தான் வந்தது. விழுங்கிய ஒரு மணி நேரத்திலேயே இரத்தத்தில் மருந்தின் அளவு சட்டென்று உச்சிக்கு ஏறும்; கூடவே குமட்டலும் வாந்தியும் வரும். அதைத் தாங்க முடியாமல் நிறையப் பேர் மருந்தையே நிறுத்திவிட்டார்கள்.

2007-ல் அதே மருந்து தோலில் ஒட்டும் பேட்ச்சாக வந்தது. தோலின் மேலடுக்கு இறந்த அணுக்களாலும் கொழுப்பாலும் ஆனது. பெரும்பாலான மருந்துகளை அது உள்ளே விடாது. ரிவாஸ்டிக்மின் மூலக்கூறு சிறியது, கொழுப்பில் கரையக்கூடியது; அதனால் மெல்ல ஊறி உள்ளே போகிறது. முதல் பேட்ச் ஒட்டினால் இரத்தத்தில் மருந்து உச்சத்தைத் தொடச் சுமார் எட்டு மணி நேரம் ஆகும், அதுவும் குறைந்த உச்சம்தான். காப்ஸ்யூலோடு ஒப்பிட்டுப் பார்த்த சோதனையில் பலன் ஏறத்தாழ அதேதான். குமட்டலும் வாந்தியும் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன.

ஒட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. கோபிப் பக்கம் ஒரு வீட்டில் குளித்துவிட்டு வரும் மாமனாரை மருமகள் திரும்பி உட்காரச் சொல்கிறார். "இதென்ன அம்முணி?" "மருந்துங்க மாமா." நாளைக்கும் இதே கேள்வி, இதே பதில். முதுகில் ஒட்டுவதற்குக் காரணம் உண்டு: அங்கே கை எட்டாது, அவரே பிய்த்துப் போட முடியாது. ஒட்டிய இடத்திலேயே மறுபடி ஒட்ட இரண்டு வாரமாவது போக வேண்டும், இல்லாவிட்டால் தோல் சிவந்து அரிக்கும். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்திருந்தால், பிசுக்கு சுத்தமாகப் போன பிறகுதான் ஒட்ட வேண்டும். சித்திரை வெயிலில் வெற்று முதுகோடு களத்தில் உட்காரவிடக் கூடாது. சூடு ஏறினால் மருந்து உள்ளே போகும் வேகமும் ஏறும். எல்லாவற்றையும்விட முக்கியம், பழையதை எடுத்துவிட்டுத்தான் புதியதை ஒட்ட வேண்டும். எடுக்க மறந்து ஒன்றுக்கு மேல் ஒட்டியதால் உயிர் போனதும் உண்டு. 24 மணி நேரத்துக்கு 9.5 மில்லிகிராம் தரும் பேட்ச்சுக்குள் இருப்பது 18 மில்லிகிராம். பேட்ச்சில் நிறைய இருந்தால்தான் தோல் வழியே ஒரே சீராக இறங்கும் என்பதால் இப்படி. அதாவது, கழற்றி எறியும் பேட்ச்சிலும் பாதி மருந்து அப்படியே இருக்கிறது. பசைப் பக்கம் உள்ளே போகும்படி மடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் போட வேண்டும்.

தோலைத் தாண்டிய பிறகு இரண்டாவது கட்டுக்காவல் வருகிறது. 1885-ல் ஜெர்மன் மருத்துவ விஞ்ஞானி பால் எர்லிக் விலங்குகளின் இரத்தத்தில் சாயத்தைச் செலுத்திப் பார்த்தார். உடம்பு முழுக்க நிறம் ஏறியது, மூளையில் மட்டும் ஏறவில்லை. மற்ற உறுப்புகளின் நுண்குழாய்ச் சுவரில் அணுக்களுக்கு நடுவே சந்து இருக்கும். மூளைக்குள் ஓடும் நுண்குழாய்களில் அந்தச் சந்துகள் இறுக்கமாகத் தைக்கப்பட்டிருக்கின்றன. சிறிய, கொழுப்பில் கரையும் மூலக்கூறுகள் அணுவின் ஊடாகவே கடந்துபோய்விடும். ரிவாஸ்டிக்மின் தப்பித்தது அப்படித்தான். மற்றபடி சிறிய மருந்து மூலக்கூறுகளிலேயே 98 சதவீதத்துக்கு மேல் இந்தத் தடுப்பைத் தாண்டுவதில்லை.

இப்போது பேசப்படும் புது ஊசிகளுக்கு இதுதான் தலைவலி. அமெரிக்காவில் 2023-ல் முழு ஒப்புதல் பெற்ற லெக்கானெமாப், 2024-ல் வந்த டோனானெமாப் இரண்டும் எதிர்ப்புரதங்கள் (ஆன்டிபாடி). அமிலாய்டைப் பற்றிக்கொண்டு அதை அப்புறப்படுத்த வைப்பவை. எடையில் ரிவாஸ்டிக்மினைப் போல சுமார் 600 மடங்கு பெரியவை. இரத்தத்தில் ஏற்றும் எதிர்ப்புரதத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே மூளைக்குள் நுழைகிறது. அந்தக் கொஞ்சத்திலேயே 18 மாதச் சோதனையில் லெக்கானெமாப் நோய் முற்றும் வேகத்தை 27 சதவீதம் குறைத்தது. நினைவு திரும்பவில்லை, சரிவின் வேகம் குறைந்தது. செய்தித் தலைப்புகள் இந்த வித்தியாசத்தை விழுங்கிவிடுகின்றன. நூற்றில் சுமார் 13 பேருக்கு மூளையில் வீக்கம் ஸ்கேனில் தெரிந்தது. பெரும்பாலோருக்கு வெளியே அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் சிலருக்கு அது ஆபத்தாகவும் முடியும்.

தடுப்பையே கொஞ்ச நேரம் திறந்துவிட்டால்? இதயப் பரிசோதனையில் பயன்படும் நுண்ணிய வாயுக் குமிழிகளை இரத்தத்தில் செலுத்தி, தலையில் மாட்டிய கவசத்திலிருந்து மீயொலியை (அல்ட்ராசவுண்ட்) ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். அந்த இடத்தைக் கடக்கும் குமிழிகள் விரிந்து சுருங்கி, குழாய்ச் சுவரின் தையலைத் தளர்த்துகின்றன. ஓரிரு நாளில் அது தானாக மூடிக்கொள்ளும். டொரண்டோவில் அல்சைமர் நோயாளிகளிடம் இதை முதலில் செய்துபார்த்து 2018-ல் முடிவை வெளியிட்டார்கள். அமெரிக்காவின் மேற்கு விர்ஜினியாவில் எதிர்ப்புரதத்தோடு சேர்த்துச் செய்து 2024-ல் வெளியிட்டபோது, மீயொலி பட்ட பகுதியில் அமிலாய்டு கூடுதலாகக் குறைந்திருந்தது. ஆனால் மொத்தம் மூன்றே நோயாளிகள். அதை வைத்துக்கொண்டு கொண்டாட முடியாது.

எனக்கு இதைவிட நம்பிக்கை தருவது இன்னொரு தந்திரம். மூளைக்கு இரும்புச்சத்து வேண்டும். அதைச் சுமந்துவரும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தை உள்ளே இழுத்துக்கொள்ள நுண்குழாய்ச் சுவரில் தனி ஏற்பிகள் இருக்கின்றன. எதிர்ப்புரதத்தின் வாலில் அந்த ஏற்பியைப் பிடிக்கும் துண்டு ஒன்றைச் சேர்த்துத் தைத்துவிட்டால், மாப்பிள்ளை வீட்டாரோடு சேர்ந்து மண்டபத்துக்குள் நுழைந்துவிடும் ஆளைப் போல அதுவும் உள்ளே போய்விடுகிறது. ட்ரோன்டினெமாப் என்ற மருந்து இப்படிச் செய்யப்பட்டதுதான். ஆரம்பச் சோதனைகளில் குறைந்த அளவு மருந்திலேயே அமிலாய்டு வேகமாகக் கரைந்தது, வீக்கமும் குறைவாகவே தெரிந்தது. அமிலாய்டு படிந்த பெரிய இரத்தக்குழாய்ச் சுவர்கள் வழியே முட்டி மோதாமல், நுண்குழாய்கள் வழியே பரவலாக நுழைவது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள்.

"ஏனுங்க டாக்டர், அந்தப் புது ஊசிய எங்கம்மாவுக்குப் போடலாமுங்களா?" என்று கேட்டால், அவர் முதலில் பார்ப்பது நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை. ஊசிகள் சோதிக்கப்பட்டது ஆரம்பக் கட்டத்தில் இருப்பவர்களிடம்தான். பெற்ற பிள்ளையையே அடையாளம் தெரியாத நிலைக்கு அவை பொருந்தாது. அடுத்து, மூளையில் அமிலாய்டு இருப்பது உறுதியாக வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்பார். முதல் சில மாதங்களில் பலமுறை எம்ஆர்ஐ எடுக்க வேண்டும். லெக்கானெமாப் என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸும் ஏற்ற வேண்டும். அந்தியூரிலிருந்து அப்படிப்பட்ட ஒருவரைக் காரில் உட்காரவைத்துக் கோவைக்குக் கூட்டிப்போய் வருவது லேசான காரியமல்ல. அதற்கும் ஒரு வழி வந்திருக்கிறது: 18 மாதம் டிரிப்ஸ் முடித்தவர்கள், அதன்பின் வாரம் ஒருமுறை தோலுக்கடியில் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் தானியங்கி ஊசிக்கு 2025 ஆகஸ்டில் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது.