கோலும் குடமும்

நெல்லைச் சீமையில் கோயில் கொடை (திருவிழா) என்றால் பெரும்பாலும் வில்லுப்பாட்டு இருக்கும். சுடலைமாடன் கதை நடுச்சாமத்தில் சூடு பிடிக்கும்போது வில், குடம், உடுக்கை, ஜால்ரா நாலும் ஒரே அடியாக விழும். பந்தலுக்கு வெளியே நின்று கேட்டால் யார் யாரை இழுத்துப் போகிறார் என்று பிடிபடாது. கிட்டே போய் உட்கார்ந்தால் தெரியும்: குடக்காரர் கண், பாட்டை நடத்தும் புலவர் வில்லில் அடிக்கும் வீசுகோலை விட்டு நகராது.

நாலைந்து நியூரான்கள், அதாவது நரம்பு செல்கள், ஒரே தாளத்தில் மின்துடிப்பு விட்டுத் துடிக்கும்போதும் இதே குழப்பம்தான்.

1949-ல் உளவியலாளர் டொனால்ட் ஹெப் சொன்னதை 'சேர்ந்து துடிப்பவை சேர்ந்து இணையும்' என்று சுருக்கிவிட்டார்கள். எனக்கு அந்தச் சுருக்கம் அவ்வளவாகப் பிடிக்காது. ஒன்று இன்னொன்றைத் துடிக்க வைப்பதில் பங்கெடுக்க வேண்டும் என்பதே அவர் கருத்து. அப்படியென்றால் அது கொஞ்சம் முந்த வேண்டும்.

எவ்வளவு? குவோசியாங் பி, மூமிங் பூ என்ற இரு ஆய்வாளர்கள் எலி மூளையின் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் நியூரான்களைத் தட்டில் வளர்த்து அளந்து 1998-ல் சொன்னார்கள். அனுப்பும் நியூரான் சுமார் 20 மில்லிசெகண்டுக்குள் முந்தி, அதுவும் திரும்பத் திரும்ப முந்தினால், இணைப்பு பலப்பட்டது. பிந்தினால் தளர்ந்தது.

இந்த முன்பின்னைக் கவனிப்பது பெறும் நியூரானில் இருக்கும் என்.எம்.டி.ஏ என்ற ஏற்பி, செய்தியை வாங்கும் வாசல் மாதிரி ஒரு புரதம். அனுப்பும் பக்கத்திலிருந்து குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் வந்து தட்டினாலும் அது லேசில் வழிவிடாது. மக்னீசியம் அயனி ஒன்று உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும். பெறும் நியூரானும் சூட்டோடு சூடாகத் துடித்தால்தான் அடைப்பு விலகும். உடனே கால்சியம் உள்ளே பாயும். இணைப்பைப் பலப்படுத்தும் வேலைகள் அதிலிருந்து தொடங்கும்.

இப்போது இரண்டு நியூரான்கள் இருபுறமும் இணைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தாளத்தில் ஒன்று எப்போதும் 5 மில்லிசெகண்டு முந்துகிறது. அதிலிருந்து போகும் இணைப்பு தடிக்கும், திரும்பி வருவது மெலியும். இருவழிப் பாதை கொஞ்சம் கொஞ்சமாக ஒருவழியாகிவிடும். இணைப்பிலிருந்துதான் தாளம் பிறக்கிறது என்று நினைத்திருப்போம். தாளமும் இணைப்பைச் செதுக்குகிறது.

சரி, இம்மியும் பிசகாமல் ஒரே கணத்தில் துடித்தால்? செய்தி ஆக்சான் என்ற நியூரானின் நீண்ட இழை வழியே போய்ச் சேரவே சில மில்லிசெகண்டு ஆகும். ஆக, ஒவ்வொன்றின் செய்தியும் மற்றது துடித்து முடித்த பிறகுதான் போய்ச் சேரும்; இரண்டு பக்கமும் தளரும். அளவுக்கு மீறிய ஒற்றுமை உறவை அறுக்கும் என்று கணினி மாதிரிகள் காட்டியிருக்கின்றன.

யார் இழுப்பது என்பதைத் துடிப்புகளின் பதிவுகளை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. மூன்றாவது ஒன்று இரண்டையும் ஆட்டிவைக்கலாம். அதனால் ஆய்வுக்கூடத்தில் ஒரு நியூரானை மட்டும் மின்னோட்டம் செலுத்தி அடக்கிவிட்டு, மற்றவை என்ன செய்கின்றன என்று பார்ப்பார்கள். ஒரு கொடையில் ஜால்ராக்காரர் வெற்றிலை போடக் கையை எடுத்தார். பாட்டு பாட்டுக்குப் போனது. அப்புறம் புலவர் வியர்வை துடைக்க வீசுகோலைக் கீழே வைத்தார். குடம் இரண்டு அடி தடுமாறி நின்றது.