எல்லாம் ஒரே சொப்ட்வெயார்லயா? காசு கட்டுறதுக்கு முன்னாடி ஒரு வேலைய அதுல ஓட்டிப் பாருங்க

இலங்கை மலையகத்துல ஹட்டன், பண்டாரவளை, எல்ல பக்கம் டிசைன் ஒபிஸ், டுவர் ஏஜென்சி, பேஸ்புக் பேஜ் பாத்துக் கொடுக்குற டீம்னு நம்ம பிள்ளைங்க நிறையப் பேர் இப்ப சொந்தமா தொழில் செய்றாங்க. அஞ்சாறு பேர் சேந்துட்டாலே கொட்டேஷன் வட்ஸ்அப்ல, பில் எக்செல்ல, யாருக்கு என்ன வேலைன்றது சிஆர் கொப்பில, கஸ்டமர் நம்பரெல்லாம் முதலாளி போன்லன்னு சிதறிப் போயிருது, அப்பதான் எல்லாத்தையும் ஒண்ணா பாக்குற மாதிரி ஒரு சொப்ட்வெயார் சொல்லுங்கன்னு என்கிட்ட வர்றாங்க. சின்ன கம்பனிகளுக்கு இந்த சிஸ்டம் போட்டுக் கொடுக்குறதுதான் என் தொழில். எந்தப் பேரையும் சொல்றதுக்கு முன்னாடி நான் கேக்குறது, போன மாசம் முடிஞ்ச ஒரு வேலைய எடுங்க, கஸ்டமர் வந்து கேட்டதுலருந்து காசு கைக்கு வந்தது வரைக்கும் என்னென்ன நடந்துச்சுன்னு ஒரு தாள்ல எழுதுங்க.

தோட்டத்துக் கோயில் திருவிழா நோட்டீஸ் ஒண்ணுன்னே வைங்களேன். தலைவர் வந்து ரேட் கேப்பாரு, பாதி அட்வான்ஸ் குடுப்பாரு, டிசைன் அனுப்பினா உபயகாரர் பேர் ஒண்ணு விட்டுப்போச்சுன்னு ராத்திரி வட்ஸ்அப்ல வொய்ஸ் வரும், அச்சுக்குப் போற நேரத்துல இன்னும் 200 சேத்து அடிங்கன்னுவாங்க, மிச்சக் காசு திருவிழா முடிஞ்சுதான் வரும். காசு கட்டுறதுக்கு முன்னாடி பாவிச்சுப் பாக்க சொப்ட்வெயார்காரங்க ட்ரையல்னு குடுப்பாங்கல்ல, இதை அப்படியே அதுல ஓட்டுங்க. கொட்டேஷன மாத்தினா பழசு இருக்குதா அழிஞ்சுருதா, அட்வான்ஸ் போட்டா மிச்சம் எவ்வளவுன்னு பில்லுல தெரியுதா, கூட அடிச்ச 200 அதே வேலைக்குள்ள வருதா இல்ல புது வேலையா நிக்குதா, இதெல்லாம் டெமோல தெரியாது, ஏன்னா டெமோல கஸ்டமர் ஒருநாளும் மனசு மாத்துறதில்ல. முக்கியமா இதை முதலாளி செய்யக் கூடாது. கவுண்டர்ல இருக்குற தங்கச்சி செய்யணும், அதுவும் போன்ல. அவங்களுக்கு வரலைன்னா ரெண்டு வாரத்துல எல்லாரும் சிஆர் கொப்பிக்கே திரும்பிருவாங்க, சந்தா மட்டும் கார்ட்ல கழிஞ்சுக்கிட்டே இருக்கும்.

அடுத்தது தமிழ். இதை யாரும் கவனிக்கிறதே இல்ல, எனக்கு ரொம்ப ஆதங்கமான விஷயம் இது. நம்ம பக்கம் பழைய பைல் பாதி பாமினின்ற பழைய தமிழ் பொன்ட்ல இருக்கு, அதை அப்படியே ஏத்தினா வெறும் இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியுமா நிக்கும், இப்ப போன்லயும் வெப்லயும் ஓடுற யுனிகோடுக்கு மாத்திட்டுதான் ஏத்தணும். யுனிகோட்ல போட்டாலும் ஸ்கிரீன்ல அழகா தெரியுற பேர் பிடிஎப் பில்லுல கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம்னு பிரிஞ்சு வரலாம், அதனால 'கொழுந்து', 'பௌர்ணமி' மாதிரி சொல்லு போட்டு ஒரு பில் அடிச்சுப் பாருங்க. பேர்லயும் சிக்கல் இருக்கு. நமக்கு அப்பா பேரோட முதலெழுத்துதான் இனிஷியல், சொப்ட்வெயார் கடைசிப் பேர் குடுன்னு நிக்கும், அந்தக் கட்டத்துல ஒருத்தர் இனிஷியல், இன்னொருத்தர் தோட்டத்துப் பேர், இன்னொருத்தர் புள்ளின்னு போட்டு வச்சா பிறகு தேடுறப்போ அதே ஆள் மூணு ஆளா வருவாரு. எதைப் போடணும்னு முதல் நாளே எல்லாரும் பேசிக்கங்க.

விலையப் பாக்குறப்போ டொலர மறந்துராதீங்க, இந்த சந்தா நிறைய டொலர்லதான் இருக்கும். 2022 ஆரம்பத்துல 200 ரூபா கணக்குல இருந்த டொலர் மே மாசம் ஆகுறப்போ 360 கிட்ட போச்சு, சொப்ட்வெயாரோட டொலர் விலை அப்படியே இருந்தாலும் ரூபால நம்ம பில் ஏறிருச்சு. ஆளெண்ணிக்கைலயும் கவனம் வேணும். ஸோஹோ வன், ஓடூ ரெண்டும் இப்படி எல்லாத்தையும் ஒண்ணா பாக்குற சொப்ட்வெயார். ஸோஹோ வன்ல கொறஞ்ச விலை வேணும்னா சம்பளப் பட்டியல்ல இருக்குற எல்லாருக்கும் எடுக்கணும், கொம்பியூட்டரே தொடாத ட்ரைவர் அண்ணனுக்கும் சேத்துதான், வேணும்கிறவங்களுக்கு மட்டும்னா தலைக்கு விலை கூட. ஓடூல ஒரே ஒரு ஆப்னா இலவசம், இன்னொண்ணு சேத்த உடனே ஒவ்வொரு ஆளுக்கும் காசு. ரெண்டுமே நல்ல சாமான்தான், உங்க ஆளுங்களை எண்ணிப் பாத்துட்டு முடிவெடுங்க. ஒரு வருஷத்துக்கு சேத்துக் கட்டினா டிஸ்கவுண்ட்னு சொன்னாலும் மாசக் கட்டணத்துல ஆரம்பிங்க.

பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, இருக்குன்னு போட்டிருந்தா அது எந்த நாட்டு பேரோல்னு கேளுங்க. இங்க ஈபிஎப்னு சொல்ற ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் சம்பளத்துல 8 வீதம், கம்பனி 12, ஈடிஎப்னு சொல்ற ஊழியர் நம்பிக்கை நிதிக்கு கம்பனி 3. இந்தியாவுக்குன்னு செஞ்சதுல ஊழியருக்கே 12 கழிச்சுரும். பில்லுல 'இப்பவே கட்டுங்க'ன்னு ஒரு பட்டன் காட்டுவாங்க, பல இடத்துல அது ஸ்ட்ரைப்னு ஒரு வெளிநாட்டு ஒன்லைன் பேமண்ட் சேவைல ஓடுறது, நம்ம நாட்டுல இருந்துகிட்டு ஸ்ட்ரைப் அக்கவுண்ட் திறக்க வழியில்ல. இங்க இருக்குற பேஹியர்ன்ற பேமண்ட் சேவையோட சேருதான்னு கேளுங்க, இல்லைன்னா பேங்க் நம்பர பில்லுலயே போட்டுருங்க.

கடைசியா, உள்ள போட்டதை வெளிய எடுக்க முடியுதான்னு ட்ரையல்லயே பாருங்க. கஸ்டமர் லிஸ்ட் எக்செல்லா வந்துரும், ஆனா பழைய பில், டிசைன் பைல், கஸ்டமரோட பேசின குறிப்பெல்லாம் வருதான்னு ஒண்ணொண்ணா இறக்கிப் பாக்கணும், சந்தா நிறுத்தினா எத்தனை நாளைக்கு வச்சிருப்பாங்கன்னு எழுத்துல வாங்கணும். 2025 நவம்பர் கடைசில டித்வா புயல் வந்தப்போ பதுளை, நுவரெலியா, கண்டி பக்கம் கரண்ட் இல்ல, டவர் இல்ல, மண் சரிஞ்சு ரோடும் இல்ல. கொம்பியூட்டர் தண்ணில போனவங்களுக்கு கிளவுட்ல, அதாவது இன்டர்நெட்ல, இருந்தது பின்னாடி கைகொடுக்கும், ஆனா அந்த நேரத்துல யாருக்குக் கூப்பிடணும்னு பாக்க அது திறக்காது. அதனால நான் சிஸ்டம் போட்டுக் கொடுக்குற இடத்துல எல்லாம் ஒரு வேலைய ஒருத்தர் பேர்ல எழுதி வச்சிட்டுதான் வருவேன்: சனிக்கிழமை கடை மூடுறதுக்கு முன்னாடி கஸ்டமர் நம்பரும் வரவேண்டிய பாக்கியும் பிரிண்ட் எடுத்து பைல்ல போடணும், ஒரு கொப்பி பென் டிரைவ்ல வீட்டுக்குப் போகணும்.