மற்றவரின் பாட்டு, உங்கள் சுருதி

என் ஒலிப்பதிவுக்கூடத்துக்கு வருகிற இளம் பாடகர்கள் அநேகம்பேர் ஃபோனில் ஒரு கரோக்கி ட்ராக்கோடுதான், அதாவது பாடகரின் குரல் இல்லாத பின்னணி இசையோடுதான், வருவார்கள். யூடியூப்பில் இறக்கியது. "அண்ணை, இதுக்கு மேல பாடி ஏத்த வேணும், ஒரு மணித்தியாலம் காணும்தானே?" என்று கேட்பார்கள். கவர், அதாவது இன்னொருவர் முன்பே பாடிய பாட்டைத் திரும்பப் பாடுவது, குறைந்த வேலை என்று நான் நினைப்பவனில்லை. மூலப் பாட்டை மேவி நிற்கிற கவர்கள் பொப் இசையில் எத்தனையோ உண்டு. ஆனால், நான் திரும்பத் திரும்பக் கேட்கிறவற்றில் எதுவும் மூலத்தின் ட்ராக்குக்கு மேல் குரலை ஏற்றிப் பிறந்ததில்லை. யாழ்ப்பாணத்தில் நல்ல குரலுக்குப் பஞ்சமில்லை. அந்தக் குரல்கள் இன்னொருவரின் ட்ராக்குக்குள் கிடந்து மங்கிப்போவதைப் பார்க்க மனம் பொறுக்காமல்தான் இதை எழுதுகிறேன்.

அமெரிக்க கன்ட்ரி பாடகர் ஜொனி காஷ் 2002இல் பாடிய 'ஹர்ட்' பாட்டை எடுங்கள். 1994இல் நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவுக்காக அதை எழுதிப் பாடிய ட்ரென்ட் ரெஸ்னர் அப்போது முப்பதை எட்டவில்லை. இரைச்சலும் அடங்கிய கோபமும் நிறைந்த பதிவு அது. காஷ் பாடும்போது அவருக்கு வயது 70. உடம்பு தளர்ந்து, குரல் நடுங்குகிறது. அந்த நடுக்கத்தை ஒருவரும் மறைக்கவில்லை. கிற்றாரும் பியானோவும்தான் முன்னுக்கு நிற்கின்றன. மூலத்தில் இருந்த ஒரு கொச்சைச் சொல்லை எடுத்துவிட்டு முள்முடி என்று மாற்றினார். வரிகளில் அவ்வளவுதான் மாற்றம். ஆனால் ஓர் இளைஞனின் வெறுப்பாக இருந்தது, வாழ்ந்து முடித்த ஒரு மனிதன் கணக்குப் பார்ப்பதாக ஆகிவிட்டது. அந்தப் பாட்டு இனித் தன்னுடையதல்ல என்று ரெஸ்னரே பின்னர் சொன்னார். ஒலிப்பதிவு செய்கிறவன் என்ற முறையில் எனக்கு அதில் பெரிதாகப் படுவது, குரலின் குறையைத் திருத்தாமல் விட்ட துணிவு. இன்றைக்கு சுருதியைத் தானே திருத்துகிற ஓட்டோடியூன் மென்பொருளைப் போட்டு அந்தக் குரலைச் சீர்ப்படுத்தியிருந்தால் பாட்டே செத்திருக்கும்.

'ரெஸ்பெக்ட்' இன்னொரு விதம். 1965இல் ஒட்டிஸ் ரெடிங் பாடியபோது, உழைத்துக் களைத்து வீட்டுக்கு வருகிற ஆண் மரியாதை கேட்கிறான். 1967இல் அரீதா பிராங்க்ளின் பாட, கேட்பவள் பெண்ணாகிறாள். எல்லோருக்கும் தெரிந்த இடம், அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டிப் பாடுவது, ரெடிங்கின் பதிவில் கிடையாது. விட்னி ஹூஸ்டனின் 'ஐ வில் ஒல்வேய்ஸ் லவ் யூ' வாத்தியமே இல்லாமல் தனிக்குரலில் தொடங்குகிறது. டொலி பார்ட்டன் 1974இல் வெளியிட்ட மூலம் அடக்கமான கன்ட்ரி பாட்டு. ஹூஸ்டனின் 1992ஆம் ஆண்டுப் பதிவு அமெரிக்காவின் பில்போர்ட் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் நின்றது. பொப் டிலனின் 'ஒல் அலோங் த வொச்டவர்' பாட்டை ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1968இல் மின்கிற்றாரில் வாசித்த பிறகு, டிலனே மேடையில் ஹென்ட்ரிக்ஸின் போக்கைத் தழுவிப் பாடத் தொடங்கினார்.

எங்கள் நாட்டிலேயே அண்மைய சாட்சி இருக்கிறது. 'மெனிகே மகே ஹிதே' 2020இல் சதீஷன் ரத்நாயக்கவும் டுலான் ஏஆர்எக்ஸும் வெளியிட்ட சிங்களப் பாட்டு. 2021இல் யொஹானி, சதீஷனோடு சேர்ந்தே அதைக் கவராகப் பாடினார். உலகம் கேட்டது அந்தக் கவரைத்தான். மூலப் பாடகர் பக்கத்திலேயே நின்று பாடியதால் யார் பாட்டு என்ற சச்சரவுக்கு இடமிருக்கவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புதிதாக இருக்கத் தேவையில்லை. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை எழுதி வந்த பிள்ளைகள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். தியாகராசரின் கீர்த்தனையைப் பாடச் சொன்னால் முதலில் சுருதியைக் கேட்பார்கள். ஆண்பிள்ளை ஒரு கட்டையில், பெண்பிள்ளை ஐந்தரைக் கட்டையில், ஒவ்வொருவரும் தன் குரல் நிற்கிற இடத்தில் பாடுவார்கள். அந்தக் கீர்த்தனையின் சங்கதிகளில், அதாவது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் விதங்களில், பல தலைமுறை தலைமுறையாகப் பாடகர்கள் சேர்த்தவை. அதே பிள்ளை சினிமாப் பாட்டு என்றவுடன் மூலப் பாடகரின் சுருதியை வேதவாக்காகப் பிடித்துக்கொள்கிறது. ஏன் என்று கேட்டால், ட்ராக் அந்தச் சுருதியில்தான் கிடைக்கிறது என்பதே பதில்.

அண்மையில் ஒரு தங்கச்சி, ஆண் குரலுக்கு அமைத்த மெலடி ஒன்றைப் பாட வந்தா. மேல் ஸ்தாயியில் எடுத்தால் கத்தல், கீழே எடுத்தால் வெறும் காற்று. ட்ராக்கின் சுருதியை மென்பொருளில் ஏற்றிப் பார்த்தோம். ஒன்றிரண்டு அரைச்சுரம் தாண்டியதும் மத்தளத்தின் அடியும் கிற்றாரின் நாதமும் கெட்டுவிட்டன. ட்ராக்கை நிறுத்திவிட்டு, ஃபோனில் தம்புராவை மட்டும் போட்டு, பாட்டின் ஆக மேலே போகிற வரியையும் ஆகக் கீழே இறங்குகிற வரியையும் பாடச் சொன்னேன். இரண்டும் சிரமமில்லாமல் வருகிற சுருதி பிடிபட்டது. கீபோர்ட் வாசிக்கிற தம்பி கோர்ட்ஸ் மட்டும் பிடித்தான், வேகத்தையும் கொஞ்சம் குறைத்தோம். வெளியில் காத்திருந்த தாய் உள்ளே வந்து, "இது வேற பாட்டு மாதிரிக் கிடக்கு" என்றா. கவருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் எனக்குத் தெரியாது.

ஸ்டூடியோவுக்கு வர முன்னம் இதை வீட்டிலேயே செய்துவிடலாம். காசும் மிச்சம். தம்புராவோடு மட்டும் பாடி ஃபோனில் பதிந்து, அடுத்த நாள் கேளுங்கள். எந்த வரியில் மூலப் பாடகரின் கமகத்தை, அதாவது சுரத்தை அசைத்து வளைக்கிற விதத்தை, அப்படியே கொப்பி அடிக்கிறீர்கள் என்பது உங்கள் காதுக்கே தெரியும்.

இனி உரிமை விஷயம். இதில்தான் எங்கள் ஆட்கள் அதிகம் அடிபடுகிறார்கள்.

தியாகராசர் தன் பெயரைச் சரணத்திலேயே பதித்துவிட்டார். யார் பாடினாலும் அந்த முத்திரை கூடவே போகும். பொப் பாட்டுக்கு முத்திரை கிடையாது. பெயரைப் பாடுகிறவர்தான் போட வேண்டும். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், படைத்தவரின் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்பதையும், அவருடைய மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பைச் சிதைக்கக் கூடாது என்பதையும் அவருடைய உரிமையாக வைத்திருக்கிறது. பாட்டின் வரிகளுக்கும் மெட்டுக்குமான உரிமை, படைத்தவர் வாழும் காலமும் அதன் பின் 70 ஆண்டும் நிற்கும். ஒலிப்பதிவுக்கு உள்ள உரிமை தனி. ஆகவே கரோக்கி ட்ராக்கை இறக்கிப் பாடும்போது பாடலாசிரியர், இசையமைப்பாளர் ஆகியோரின் உரிமையையும், அந்த ட்ராக்கைச் செய்தவரின் உரிமையையும் சேர்த்தே தொடுகிறீர்கள். சொந்தமாக வாத்தியம் வாசித்தால் இரண்டாவது சிக்கல் இல்லை. முதலாவது அப்படியே இருக்கும்.

"15 செக்கன் போட்டால் பிரச்சினை இல்லை" என்பது வெறும் கதை. "உரிமை மூலப் படைப்பாளிக்கே" என்று கீழே எழுதிவிட்டால் அனுமதி கிடைத்ததாக ஆகாது. யூடியூப்பில் ஏற்றப்படுகிற பாட்டுகளைத் தானாக ஒப்பிட்டுப் பார்க்கிற கொன்டென்ட் ஐடி என்ற முறை, நீங்களே பாடி நீங்களே வாசித்தாலும் மெட்டை வைத்து மூலப் பாட்டைக் கண்டுபிடிக்கக் கூடியது. கண்டுபிடித்தால் பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும், சிலவேளை காணொளி தடுக்கப்படும். இது உரிமைகோரல் மட்டும், சனலுக்கு ஆபத்தில்லை. பதிப்புரிமை ஸ்ட்ரைக், அதாவது உரிமையாளர் முறையிட்டுக் காணொளியை நீக்கவைக்கும்போது சனலுக்கு வருகிற எச்சரிக்கை, வேறு. 90 நாளுக்குள் மூன்று வந்தால் சனலையே மூடிவிடுவார்கள். முதல் மின்னஞ்சல் வந்தவுடன் பதறி எல்லாவற்றையும் அழிக்காமல், வந்தது எது என்று வாசித்துப் பாருங்கள்.

கவர் எவ்வளவு புகழ்பெற்றாலும் பாட்டு கைமாறாது, உடைமை எழுதியவரிடமே இருக்கும். அமெரிக்க வானொலியில் 'ரெஸ்பெக்ட்' ஒலித்ததற்கான பணம் எழுதிய ரெடிங்கின் பக்கம் போனது, அரீதாவுக்கு அல்ல. 'ஐ வில் ஒல்வேய்ஸ் லவ் யூ' பாட்டை எல்விஸ் பிரெஸ்லி பாட விரும்பியபோது, அவருடைய முகாமையாளர் பாட்டின் பதிப்புரிமையில் பாதியைக் கேட்டார். டொலி பார்ட்டன் மறுத்துவிட்டார். அந்த உறுதியின் பலனைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு ஹூஸ்டனின் கவர் அவருக்குக் கொண்டுவந்து கொடுத்தது. சொந்தமாகப் பாட்டு எழுதுகிற எங்கள் பிள்ளைகள் இதை மனதில் வைத்திருக்க வேண்டும்.

எனக்கு ஆகக் கவலை தருவது எங்கள் மண்ணின் பொப் பாட்டுகள். உரும்பிராய்க்காரரான நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' எத்தனை கலியாண வீட்டில், எத்தனை நாட்டில் பாடப்படுகிறது! ஆனால் "பழைய பாட்டு" என்று மட்டும் போட்டு ஏற்றுகிறார்கள். ஊர்ப்பெயர் தெரியாத நாட்டார் பாட்டு என்று நம்பிப் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஏ. ஈ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற 'சுராங்கனி', 1977இல் தமிழ்நாட்டுப் படத்துக்குள்ளும் போனது. தமிழ்நாட்டில் பலருக்கு அது சினிமாப் பாட்டு. இந்தப் பாட்டுகளை இன்றைய பிள்ளைகள் புதுக் குரலில், புதுத் தாளத்தில் தாராளமாகப் பாடட்டும். பழையதைவிட நன்றாக வந்தால் எனக்குச் சந்தோசம். பெயரை மட்டும் விடாதீர்கள். எழுதியவர், மெட்டமைத்தவர், முதலில் பாடியவர் என மூவரையும் காணொளியின் தொடக்கத்திலேயே எழுத்தில் காட்டுங்கள், கீழேயுள்ள குறிப்பில் மட்டும் ஒளிக்க வேண்டாம்.

ஈழத்துப் படைப்பாளிகளை, அல்லது அவர்களின் குடும்பத்தினரைத் தேடிப் பிடிப்பது பெரிய நிறுவனம் ஒன்றிடம் அனுமதி வாங்குவதைப்போல் கடினமில்லை. பதிய முன்னமே கேளுங்கள். அனுமதியை வாய்ப்பேச்சில் விடாமல் மின்னஞ்சலில் வாங்குங்கள். எந்தப் பாட்டு, எங்கே ஏற்றப் போகிறீர்கள், வரிகளில் என்ன மாற்றம் செய்கிறீர்கள், வருமானம் வந்தால் எப்படிப் பங்கு என்பவை அதில் இருந்தால் போதும்.