பிடுங்கிய பல்லின் குழியில் என்ன நடக்கிறது?

ஹட்டனிலோ நுவரெலியாவிலோ பல் பிடுங்க வரிசையில் காத்திருப்பவர்கள் பயப்படுவது ஊசிக்கும் குறட்டுக்கும்தான். ஆனால் வீட்டுக்குப் போனபின் வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை குழியில் உறைகிற இரத்தக் கட்டியைப் பொறுத்தவை. அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

முதலில் ஊசி. அதிலுள்ள லிக்னோகெயின், நரம்புக்குள் சோடியம் நுழையும் வாசல்களை அடைத்துவிடும். சோடியம் நுழையாவிட்டால் வலிச் செய்தி மூளைக்குப் போகாது. கூடவே கலந்திருக்கும் அட்ரினலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, மருந்தை அந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் தங்க வைக்கும். சீழ் கட்டிய இடம் அமிலத்தன்மை கூடியது. அங்கே இந்த மருந்து நரம்புக்குள் சரியாகப் புகாது. பல நாள் கராம்பை வைத்துச் சமாளித்துவிட்டு, கன்னம் வீங்கியபின் வருபவருக்கு ஊசி சரியாகப் பிடிக்காமல் போவது இதனால்தான்.

பல் எலும்போடு ஒட்டி வளர்ந்ததல்ல. இரண்டுக்கும் நடுவில் ஏறத்தாழ 0.2 மில்லிமீற்றர் தடிப்பில் ஒரு நார்ப்படலம் இருக்கிறது. வைத்தியர் பல்லை மேலே இழுப்பதில்லை. மண்ணில் ஊன்றிய கம்பத்தைக் கழற்றுவதுபோல முன்னும் பின்னும் அசைத்து, நார்களை அறுத்து, குழியை அகலப்படுத்துகிறார். அப்போது அழுத்தம் தெரியும், வலி தெரியக்கூடாது. வலித்தால் கையைத் தூக்குங்கள், இன்னொரு ஊசி போடலாம். மேல்பல்லைப் பிடுங்கினால் கண் மங்கும் என்று பெரியவர்கள் சொல்வதில் உண்மையில்லை. பார்வையை எடுத்துச் செல்வது இரண்டாம் மண்டை நரம்பு. பற்களுக்கு வருவது ஐந்தாம் நரம்பின் கிளைகள்.

பல் வெளியே வந்ததும் குழி இரத்தத்தால் நிரம்பும். அரை மணி நேரம் பஞ்சைக் கடித்திருக்கும்போது இரத்தத் தட்டுகள் ஒன்றுசேர, ஃபைப்ரின் இழைகள் அவற்றைப் பிணைத்துக் கட்டியாக்குகின்றன. திறந்து கிடக்கும் எலும்புக்கு இதுதான் மூடி. சில நாட்களில் புதிய இரத்தக் குழாய்கள் இதற்குள்ளேயே ஊடுருவுகின்றன, அவற்றோடு புதுச் சதையும் வளர்கிறது. மேற்பரப்பு மூட மூன்று நான்கு கிழமை ஆகும். உள்ளே எலும்பு நிரம்பப் பல மாதம்.

இந்தக் கட்டி கழன்றுவிட்டால் எலும்பு வெறுமையாகிவிடும். இரண்டாம் மூன்றாம் நாளில், குறையவேண்டிய வலி காதுவரை ஏறும், வாயும் நாறும். இதுதான் உலர்குழி. கீழ்த்தாடைக் கடைவாய்ப் பற்களில், அதிலும் ஞானப்பல்லில், இது அதிகம். வெறும் அன்டிபயோட்டிக் வாங்கிக் குடிப்பதால் பயனில்லை. வைத்தியர் குழியைக் கழுவி மருந்து வைக்க வேண்டும். அந்த மருந்தில் பெரும்பாலும் இருப்பது யூஜினோல், அதாவது கண்டி, மாத்தளைப் பக்கம் விளைகிற அதே கராம்பின் எண்ணெயிலுள்ள சத்து.

ஆகவே முதல் நாள் கொப்பளிக்கக் கூடாது, எட்டித் துப்பக் கூடாது, உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. நுவரெலியாக் குளிரில் ஆவி பறக்கும் பிளேன்டீ இல்லாமல் இருப்பது கஷ்டம்தான்; ஆறவைத்துக் குடியுங்கள், சூடு மீண்டும் இரத்தம் கசிய வைக்கும். ஒரு நாள் கழிந்தபின் இளஞ்சூட்டு உப்புத்தண்ணீரால் மெதுவாக அலசலாம். தலையில் கயிறு மாட்டிக் கொழுந்துக் கூடை சுமக்கிற வேலைக்கு மறுநாளே போகாமலிருப்பது நல்லது. நாட்சம்பளத்தில் வாழ்பவரிடம் இதைச் சொல்வது லேசு என்பதும் தெரியும். இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின் குடிப்பவர்கள் பிடுங்குமுன் அதைச் சொல்ல வேண்டும். தாமாக நிறுத்தக் கூடாது.

வெற்றிலைதான் பெரிய சிக்கல். புகையிலையின் நிக்கோட்டின் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஆறுவதற்குத் தேவையான இரத்தத்தைக் குறைக்கிறது. சுண்ணாம்பு பச்சைப் புண்ணை அரிக்கிறது, பாக்குத் தூள் குழிக்குள் சிக்குகிறது. பாக்கிலுள்ள அரிக்கோலின் செய்வது இன்னும் மோசம்: வருடக்கணக்கில் மென்றவரின் கன்னத்துக்குள் நார்ச்சதை தடித்து, வாய் திறப்பே குறுகிவிடும். முன்பற்களுக்கு இடையே மூன்று விரல்களை நிறுத்தி நுழைக்க முடியாதவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவதே வைத்தியருக்குப் போராட்டம்.

வெற்றிலை போடுபவருக்கு, காரணமில்லாமல் ஒரு பல் மட்டும் ஆடினாலோ, பிடுங்கிய குழி மூன்று நான்கு கிழமையாகியும் மூடாமல் சதை புடைத்து வளர்ந்தாலோ, கீழுதடு விறைத்தே இருந்தாலோ அதை உலர்குழி என்று விட்டுவிடக் கூடாது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றுநோய் ஒன்று, அது சிலவேளை இப்படித்தான் வெளியே தெரிகிறது. பல் பிடுங்கிய இடத்துக்கே போய்க் காட்டுங்கள். சந்தேகமிருந்தால் பேராதனை பல் போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேட்டு வாங்குங்கள். சிறு துண்டு சதையை எடுத்துச் சோதித்தால்தான் அது என்னவென்று உறுதியாகத் தெரியும்.