குளிர்கால மனச்சோர்வுக்கு வைட்டமின் டி மருந்தல்ல

ஜனவரி பிறந்ததும் கனடாவில், டொராண்டோவின் ஸ்கார்பரோவில் இருக்கும் என் கிளினிக்குக்குக் குளிர்கால மனச்சோர்வோடு வருகிறவர்கள் அதிகமாகிவிடுவார்கள். இந்த வாரம் வந்தவர் ஒரு கல்லூரி மாணவர். ஊரிலிருந்து வந்து இது இரண்டாவது குளிர்காலம். பத்து, பன்னிரண்டு மணி நேரம் தூங்குகிறார். ஆனாலும் எழும்போது தூங்கிய தெளிவு இல்லை. கை கால் கனக்கிறது, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை. நவம்பர் கடைசியிலேயே வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டார். "ஏன் தம்பி இவ்வளவு நாள் வரவில்லை?" என்று கேட்டேன். பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய வைட்டமின் டி, 60,000 யூனிட். "இது வேலை செய்ய நாளாகும்னு சொன்னாங்க டாக்டர், அதான் பாத்துட்டு இருந்தேன்."

ஒவ்வொரு வருடமும் இதே பதிலைக் கேட்கிறேன். அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபமில்லை. "வெயில் இல்லை, அதனால் வைட்டமின் டி குறைவு, அதனால்தான் மனச்சோர்வு, மாத்திரை போட்டால் சரியாகிவிடும்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் அந்தச் சங்கிலி மேல்தான் கோபம். கேட்பதற்கு நியாயமாக இருப்பதால் படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள். அதை நம்பி ஒரு முழு செமஸ்டரையே இழக்கிறார்கள்.

வைட்டமின் டி தோலில் உண்டாவது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் அது உருவாகும். குளிர்கால மனச்சோர்வோ கண் வழியாகப் போகும் வெளிச்சத்தைச் சார்ந்தது. காலையில் கண்ணுக்குள் போகும் வெளிச்சத்தை வைத்துத்தான் மூளை நேரத்தைக் கணக்கிடுகிறது. இரண்டும் சூரியனிடமிருந்து வருகின்றன என்பதைத் தவிர, இவற்றை ஒன்றாக்கிப் பார்க்கக் காரணமில்லை. இந்த நோய்க்கு நாங்கள் பரிந்துரைக்கும் விளக்கில் புற ஊதாக் கதிரை வடிகட்டியே விற்கிறார்கள். அதன் முன்னால் குளிர்காலம் முழுக்க உட்கார்ந்தாலும் ஒரு யூனிட் வைட்டமின் டி கூட உண்டாகாது. ஆனால் மனச்சோர்வு குறைகிறது. இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சென்னையில் ஏசி அறையில் வேலை பார்ப்பவர்களிடம் வைட்டமின் டி குறைவு சர்வசாதாரணம். அவர்கள் நவம்பரில் படுத்து ஏப்ரலில் எழுந்திருப்பதில்லை.

வைட்டமின் டி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் தோல் நிறத்துக்கும் கனடாவின் குளிர்காலத்துக்கும் அது குறையத்தான் செய்யும்; எலும்புக்கு அது தேவை. 70 வயது வரையுள்ள பெரியவர்களுக்கு நாளுக்கு 600 யூனிட், அதற்கு மேற்பட்டவர்களுக்கு 800 யூனிட் என்பது இங்குள்ள பரிந்துரை. மருத்துவர் சொல்லாமல் 4,000-ஐத் தாண்டக் கூடாது. ஊரில் கொடுக்கும் 60,000 யூனிட் மாத்திரை வாரத்துக்கு ஒன்று, அதுவும் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும். அதைத் தினமும் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பகீரென்கிறது. ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெட்டுவிடும். தயவுசெய்து அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

சரி, நோய்க்கு வருவோம். 1984-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தில் நார்மன் ரோசென்தாலும் அவரது குழுவினரும் இதை முதன்முதலாக முறையாக விவரித்தார்கள். ரோசென்தால் தென்னாப்பிரிக்காவிலிருந்து நியூயார்க் வந்தவர். குளிர்காலத்தில் தன் சுறுசுறுப்பு குறைவதை அவரே கவனித்திருந்தார். வெயில் ஊரிலிருந்து வந்த நமக்கு அந்த அனுபவம் எளிதில் புரியும். இன்று மருத்துவத்தில் இதைத் தனி நோயாக வைக்காமல், பருவத்தோடு வந்து போகும் மனச்சோர்வு என்றே வகைப்படுத்துகிறோம். அதாவது இது மனச்சோர்வேதான். "சும்மா விண்டர் ப்ளூஸ்" என்று செல்லப் பெயர் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். அடுத்தடுத்து இரண்டு வருடமாவது அதே பருவத்தில் வந்து, வசந்தத்தில் விலகியிருந்தால்தான் பருவத்தோடு வந்து போகும் மனச்சோர்வு என்ற பெயரைக் கொடுப்போம். அதற்காக இரண்டு வருடம் காத்திருந்து வரச் சொல்லவில்லை. முதல் வருடமே மனச்சோர்வு மனச்சோர்வுதான், சிகிச்சை உண்டு.

வீட்டில் இருப்பவர்கள் இதைத் தவறவிடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மனச்சோர்வு என்றால் தூக்கம் வராது, சாப்பாடு இறங்காது, ஆள் மெலிந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். குளிர்கால வகையில் பெரும்பாலும் நேர்மாறாக நடக்கும். தூக்கம் கூடும். சோறு, பிரெட், இனிப்பு என்று மாவுச்சத்து மேல் ஆசை கூடும், எடையும் ஏறும். ஆகவே வீடியோ காலில் பார்க்கும் அம்மா, "நல்லா சாப்பிட்டுத் தூங்குறான், கொஞ்சம் சதை போட்டிருக்கான்" என்று நிம்மதியாகிவிடுகிறார். அப்பா "சோம்பேறி ஆயிட்டான்" என்கிறார். பெற்றோரே, "சாப்பிட்டியா?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "இன்னைக்கு எத்தனை மணிக்கு எழுந்தே? வெளியே போனியா? யாரையாவது பாத்தியா?" என்றும் கேளுங்கள்.

"நாங்க இருபது வருசமா இங்க இருக்கோம், எங்களுக்கு வரலையே" என்று சொல்லும் மாமாக்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு வராதது நல்லதுதான். யாழ்ப்பாணத்தில் வருடத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். டொராண்டோவில் அது ஆறரை மணி நேரம். டிசம்பரில் ஒன்பது மணி நேரம்கூட முழுதாகப் பகல் கிடையாது, மாலை 4.40-க்குச் சூரியன் போய்விடும். அந்த ஒன்பது மணி நேரத்தையும் சின்ன ஜன்னல் வைத்த பேஸ்மென்ட்டில், வேர்ஹவுஸ் நைட் ஷிஃப்ட் முடித்துத் தூங்கிக் கழிக்கும் பிள்ளைக்கு எங்கிருந்து வெளிச்சம் கிடைக்கும்? லண்டனிலும் ஆஸ்லோவிலும் இருக்கும் நம்மவர்களுக்குப் பகல் இன்னும் குறைவு.

என்ன செய்யலாம்? முதலில் காலையில் வெளியே போங்கள். வீட்டுக்குள் எல்லா விளக்கையும் போட்டிருக்கிறேன் என்பது கணக்கில் வராது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வீட்டு விளக்கொளியை அளந்தால் பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ்தான் இருக்கும். மேகம் மூடிய நாளிலும் வெளியே ஆயிரம் லக்ஸுக்கு மேல் இருக்கும். ஜாக்கெட், தொப்பி, பூட்ஸ் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் நடங்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி நடக்கலாம்.

அடுத்தது லைட் தெரபி. 10,000 லக்ஸ் விளக்கு, எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், சுமார் 30 நிமிடம். எவ்வளவு தூரத்தில் வைத்தால் 10,000 லக்ஸ் கிடைக்கும் என்று பெட்டியிலேயே போட்டிருப்பார்கள். அந்தத் தூரத்தில் வையுங்கள். அறையின் மூலையில் வைத்துவிட்டு "பலனில்லை" என்று வராதீர்கள். கண் திறந்திருக்க வேண்டும், ஆனால் விளக்கையே உற்றுப் பார்க்க வேண்டாம்; இட்லி சாப்பிடலாம், புத்தகம் படிக்கலாம். மாலையில் போட்டால் தூக்கம் கெடும். நைட் ஷிஃப்ட்காரர்களுக்கு நேரக் கணக்கு வேறு, கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஓரிரு வாரத்தில் மாற்றம் தெரிய வேண்டும். புற ஊதாக் கதிரால் தோலைக் கருக்கும் டேனிங் படுக்கை இதற்கு மாற்றே இல்லை. அது தோலுக்கும் கண்ணுக்கும் கேடு. விளக்கு வாங்கக் காசு இல்லையா? டொராண்டோ பொது நூலகம் 2017-ல் மால்வர்ன், ப்ரென்ட்வுட் கிளைகளில் இந்த விளக்குகளை வைத்தது. இப்போது எந்தக் கிளையில் இருக்கிறது என்று நூலகத்தில் விசாரியுங்கள்.

எல்லோரும் தாங்களாகவே விளக்கை வாங்கி உட்கார்ந்துவிடக் கூடாது. உங்களுக்கோ குடும்பத்தில் யாருக்குமோ பைபோலார் (மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) இருந்தால் என்னைப் போன்ற ஒருவரிடம் முதலில் பேசுங்கள். வெளிச்சம் மனநிலையை மறுபக்கத்துக்குத் தூக்கிவிடக்கூடும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதித்தவர்கள் கண் மருத்துவரைக் கேட்க வேண்டும். நம் சமூகத்தில் சர்க்கரை எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

களைப்பெல்லாம் குளிர்காலத்தால் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். தைராய்டு, ரத்தசோகை, சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவு இவற்றைப் பார்த்த பிறகுதான் முடிவுக்கு வருவேன். ஈழத்திலிருந்து வந்தவர்களில் பலருக்கு நவம்பர் இழந்தவர்களை நினைக்கும் மாதம். அந்தத் துயரத்தை வெளிச்சக் குறைவு என்று சொல்லி விளக்கைக் கொடுத்து அனுப்புவது அநியாயம். அதற்குப் பேச ஆள் வேண்டும், நேரம் வேண்டும். எங்களிடம் அதைச் சொல்லுங்கள்.

விளக்கும் நடையும் போதாதவர்களுக்கு மனச்சோர்வுக்கான மாத்திரை உண்டு. "பழகிப்போகும்" என்று பயந்து அவஸ்தைப்பட வேண்டாம். போதைப் பொருள் போல இவற்றுக்கு யாரும் அடிமையாவதில்லை. ஆனால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. பேச்சு வழிச் சிகிச்சையும் நன்றாக வேலை செய்கிறது. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் குழு ஒப்பிட்டுப் பார்த்ததில், சிகிச்சை பெற்ற குளிர்காலத்தில் விளக்கும் பேச்சும் ஏறக்குறைய சமமாக உதவின. ஆனால் இரண்டு வருடம் கழித்து நோய் திரும்ப வந்தது பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களிடம்தான் குறைவு. சர்வதேச மாணவர்களுக்கு ஓஹிப் (ஒன்டாரியோ அரசின் மருத்துவக் காப்பீடு) இல்லை, உண்மை. ஆனால் கட்டணத்தோடு சேர்த்துப் பெரும்பாலும் காப்பீட்டுக்கும் பணம் கட்டியிருக்கிறீர்கள், கல்லூரியில் கவுன்சிலரும் இருப்பார். அதைப் பயன்படுத்துங்கள்.

வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை வந்தாலும் எந்த விளக்கையும் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். கனடாவில் 988-க்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். பக்கத்து அறைத் தோழன் அப்படிப் பேசினால் அவனைத் தனியாக விடாதீர்கள்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஏப்ரலில் மனம் தெளிந்ததும் "சரியாகிவிட்டது டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அடுத்த ஜனவரியில் அதே நிலையில் வருகிறார்கள். ஒரு முறை வந்தவர்களுக்குத் திரும்ப வர வாய்ப்பு அதிகம். செப்டம்பர் கடைசியிலேயே அப்பாயிண்ட்மென்ட் எடுங்கள். விளக்கை எப்போது எடுத்து வைப்பது, மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவதா, ஷிஃப்டை மாற்றிக் கேட்கக் கடிதம் வேண்டுமா என்பதையெல்லாம் நீங்கள் நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசிவிடலாம்.