பேச்சுக்குள் நுழைவது எப்படி?

பள்ளி இடைவேளை. நான்கு பையன்கள் வட்டமாக நின்று ஒரு வீடியோ கேமைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஐந்தாமவன் எப்படிச் சேர்ந்துகொள்வது? "நேராகப் போய்ப் பெயரைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்" என்போம் பெரியவர்கள். எந்தப் பையன் அப்படிச் செய்கிறான்? செய்தால் நால்வரும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஆட்டிசம் உள்ள பதின்பருவத்தினருக்காக லாஸ் ஏஞ்சலஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எலிசபெத் லாகசனும் ஃபிரெட் ஃபிராங்கலும் உருவாக்கிய 'பியர்ஸ்' பயிற்சி, இந்த அறிவுரையைத்தான் முதலில் தூக்கிப் போடுகிறது. நன்றாகப் பழகும் பிள்ளைகள் நிஜத்தில் என்ன செய்கிறார்களோ, அதைப் படிப்படியாகப் பிரித்துக் கற்றுக்கொடுக்கிறது. சற்றுத் தள்ளி நின்று கேள். கையில் போன் இருக்கட்டும், முறைத்துப் பார்ப்பதுபோல் தெரியாது. பேசுவது உனக்கும் தெரிந்த விஷயமா? பேச்சில் இடைவெளி வரும்வரை பொறு. அப்புறம் கிட்டே போய், அதே விஷயத்தை ஒட்டி ஒன்று சொல். அவர்கள் உன் பக்கம் திரும்பி இடம் விட்டால் சரி. முதுகைக் காட்டினால் அலட்டிக்கொள்ளாமல் நகர்ந்துவிடு.

இதில் கஷ்டமானது அந்த இடைவெளிதான். பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009இல் வெளியான ஆய்வில், ஒருவர் முடித்து மற்றவர் தொடங்க ஆகும் நேரம் சராசரியாக 0.2 விநாடி. ஒரே ஒரு சொல்லை மனதில் எடுத்து வாய்க்குக் கொண்டுவரவே 0.6 விநாடி வேண்டும்! ஆக, எதிராளி பேசும்போதே அவர் எங்கே நிறுத்துவார் என்று கணித்து, பதிலையும் தயார் செய்கிறோம். இந்தக் கணிப்பு தடுமாறினால் குறுக்கே விழுவோம், அல்லது வாய்ப்பைத் தவறவிடுவோம்.

எனக்கு இதில் ஒரு நெருடல் உண்டு. ஆட்டிசம் உள்ளவரான பிரிட்டன் சமூகவியலாளர் டேமியன் மில்டன், ஆட்டிசம் உள்ளவர், இல்லாதவர் என இரண்டு பக்கமும் புரியாமை இருக்கிறது என்று 2012இல் எழுதினார். ஒரு பக்கத்துக்கு மட்டும் வகுப்பு எடுத்தால், பிள்ளை நாள் முழுக்க நடித்துக் களைத்துப்போகலாம். நண்பர்கள் வேண்டும் என்று பிள்ளையே விரும்பினால்தான் பியர்ஸில் சேர்க்கிறார்கள் என்பது கொஞ்சம் ஆறுதல்.

வாரம் ஒன்றரை மணி நேரம், 14 வாரம். பக்கத்து அறையில் பெற்றோருக்கும் அதே பாடம். வீட்டுப்பாடம், பயிற்சியில் கூடப் படிக்கும் தோழனுக்கு ஒரு போன்: ஒன்று கேட்க வேண்டும், பதிலைக் கேட்டதும் தன்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கேள்வியாக அடுக்கினால் விசாரணை. ரயில் எஞ்சின்களைப் பற்றியே இருபது நிமிடம் பேசினால் பிரசங்கம். இருவருக்கும் பிடித்த ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், அந்த வார வீட்டுப்பாடம் முடிந்தது.