ஸ்டென்டை எடுக்க மறுபடியும் கோயம்புத்தூர் போகணுமா?

கோயம்புத்தூரில் சிறுநீரகக் கல்லுக்கு ஆபரேஷன் முடித்துக் கூடலூருக்கும் கோத்தகிரிக்கும் திரும்புகிற பலருக்கு உள்ளே ஒரு டிஜே ஸ்டென்ட் இருக்கும். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு வருகிற பாதை வீக்கத்தால் அடைபடாமல் காக்கிற மெல்லிய குழாய் அது, சில வாரங்களில் எடுத்தாக வேண்டும். வலிதான் போய்விட்டதே, கொழுந்து பறிக்கிற சீசன் முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் குழாய் மேலேயே உப்பு படிந்து கல்லாகிவிடும். அப்புறம் அதை எடுக்கவே இன்னொரு ஆபரேஷன் வேண்டியிருக்கும், சிறுநீரகமே கெட்டுப்போவதும் உண்டு.

எடுப்பது என்னவோ சில நிமிட வேலைதான்: மரத்துப்போகும் ஜெல்லி போட்டு, சிறுநீர் வரும் வழியாக கேமரா விட்டு, இடுக்கியால் பிடித்து இழுப்போம். அந்தக் கேமராவும் இடுக்கியும் ஒன்றாகச் சேர்ந்த, ஒரே முறை பயன்படுத்தித் தூக்கிப்போடுகிற கருவிகள் இப்போது வந்திருக்கின்றன. விலையைக் கேட்டதும் "இவ்வளவா?" என்பார்கள். திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிற கருவிக்கும் வாங்கிய விலை, ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கிருமிநீக்கம், அதற்குப் பழகிய ஆள், பழுதுச் செலவு என்று எல்லாம் இருக்கிறது, பில்லில்தான் தனியாகத் தெரியாது. தினமும் பல ஸ்டென்ட் எடுக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் அந்தச் செலவு பங்கு பிரிந்து குறைந்துவிடும், அங்கே பழைய கருவியே சரி. எப்போதாவது ஒருவர் வருகிற மலை ஆஸ்பத்திரியில் கணக்கு தலைகீழ், ஒரே முறை பயன்படுத்துகிற கருவியை வைத்து அங்கேயே எடுப்பதுதான் கட்டுப்படியாகும். நோயாளி பக்கமும் பாருங்கள், கூடலூரிலிருந்து போய்வர ஒரு நாள், துணைக்கு ஒருவர், இரண்டு பேர் கூலி, மழைக்காலத்தில் மண்சரிவு வேறு. இந்தச் செலவுக்குப் பயந்து வராமலே போகிறவர்களை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

இதற்காக எல்லாருக்கும் இந்தக் கருவிதான் என்று சொல்லவில்லை. உப்பு படிந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் முதலில் எக்ஸ்ரே பார்க்க வேண்டும், இழுத்துப் பார்க்கக் கூடாது. சிறுநீரில் கிருமித்தொற்று இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே எடுக்க வேண்டும். குப்பையும் சேர்கிறது, பிளாஸ்டிக்கைத் தடுக்கப் பாடுபடுகிற நீலகிரியில் இது எனக்கு உறுத்தல்தான். ஆனால் காசு மிச்சம் பிடிக்க அதையே கழுவி அடுத்தவருக்குப் போடுவது மட்டும் கூடவே கூடாது, பாக்கெட்டை உங்கள் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள், கேட்பதில் தப்பே இல்லை.

சிலருக்கு ஸ்டென்டோடு நூல் விட்டே வைக்கலாம், கேமராவே வேண்டாம், நூலைப் பிடித்து இழுத்தால் போதும். முன்கூட்டியே நழுவி வந்துவிடும் அபாயம் உண்டு என்பதால் எல்லாருக்கும் ஒத்துவராது. உங்களுக்கு முடியுமா என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள், காப்பீட்டில் செய்கிறீர்கள் என்றால் ஸ்டென்ட் எடுக்கும் செலவும் அதில் சேருமா என்பதையும். டிஸ்சார்ஜ் சீட்டில் எந்தத் தேதிக்குள், எங்கே எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.